யாராவது சொல்லியிருப்பார்கள்

ஜெயத்தைக் கடையை விட்டு அனுப்பிய அன்று மத்தியானம் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

ஆரணி பஜாரில் மூன்று மாடி எழுப்பி நிற்கிற பட்டுக் கடை அது. இரண்டாவது மாடியின் பின்னறையில் காலி அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்துக்கொண்டு, அங்கே வேலை செய்கிற பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருத்தி டப்பாவில் இருப்பது ஒருத்திக்கு மட்டும் என்ற பேச்சே அந்த வட்டத்தில் கிடையாது. யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், யார் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்த வாடிக்கைக்காரம்மா அலமாரி முழுக்கப் பிரிக்கவைத்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் போவாள், மேனேஜர் இன்றைக்கு எந்த முகத்தோடு வந்திருக்கிறார், எல்லாம் அங்கேதான் கைமாறும். ஒருத்தியை வேலைக்கு எடுப்பது முதலாளியாக இருக்கலாம். அவள் கடையில் சேர்ந்தாளா இல்லையா என்று தீர்மானிப்பது அந்த வட்டம்தான்.

வட்டத்துக்கு நடுநாயகம் ரேணுகாம்பாள். கல்யாணப் புடவைப் பகுதியில் நிற்பவள். நாற்பதைத் தாண்டியவள். வீட்டில் அவளோடு பேச ஆளில்லை. ஷேர் ஆட்டோ ஓட்டும் கணவன் வருவான், சாப்பிடுவான், செல்போனைப் பார்த்தபடியே தூங்கிப்போவான். மகளைக் காஞ்சிபுரத்தில் கொடுத்தாகிவிட்டது. அதனால் ஞாயிற்றுக்கிழமை என்றாலே அவளுக்கு ஒரு வெறிச்சோடல். திங்கட்கிழமை மத்தியானம் டப்பாவைத் திறந்து, “இன்னாடி கொண்ணாந்தீங்க?” என்று கேட்ட பிறகுதான் உயிர் வரும்.

ஜெயம் வட்டத்தில் எல்லோருக்கும் மூத்தவள். கடை திறந்த நாள் முதலாக இருந்தவள். கால் இரண்டும் வீங்கிப்போய், அன்று காலை கூட்டமில்லாத நேரத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். முதலாளி சம்பந்தத்தின் மகன் ஹேமநாத், சென்னையில் படித்துவிட்டு வந்து மேனேஜர் நாற்காலியில் அமர்ந்தவன், அதைப் பார்த்துவிட்டான். எழுந்திருக்கச் சொன்னான். “காலு வீங்கிகினு கீது தம்பி. ஒக்காரலாம்னு சட்டமே சொல்லுது, ஒனக்கு இன்னா?” என்றாள் ஜெயம். வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் கணக்கு முடித்து அனுப்பிவிட்டான்.

அந்த வாரம் கழிவதற்குள் ஜெயத்தின் இடத்துக்கு ஒருத்தி வந்தாள். சூர்யகலா என்று பெயர். ஆரணிக்குத் தெற்கே சேத்துப்பட்டு பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். முப்பது வயதிருக்கும். புருஷன் ஓசூரில் ஏதோ கம்பெனியில் இருக்கிறான் என்று தெரிந்தது. ஹேமநாத்தின் மனைவி வீட்டுக்குத் தெரிந்தவர்கள் மூலமாக வந்தவள் என்பதும் தெரிந்தது. இந்த இரண்டாவது சேதிதான் வினை.

“உளவு சொல்லத்தான் வந்துகீறா,” என்றாள் மணிமேகலை. வட்டத்தில் எல்லோருக்கும் இளையவள் அவள். போன வருஷம் சேர்ந்தவள். ரேணுகாம்பாள் சொன்னால் கிணற்றில் குதிப்பாள்.

ஹேமநாத்தின் முகத்துக்கு நேராகக் கோபத்தைக் காட்ட யாருக்கும் துணிவில்லை. காட்டினால் அடுத்த கணக்கு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் பள்ளத்தைத்தானே தேடும். ரேணுகாம்பாள் மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

“சண்டயெல்லாம் வேணாம். கேட்டா பதில் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்த வேணாம். ஜெயக்கா எடம் அவளுக்குக் கெடைக்கலாம். நாம கெடைக்க மாட்டோம்.”

நல்ல பேச்சு என்று எல்லோருக்கும் பட்டது. ரேணுகாம்பாளுக்கே கூட.

முதல் நாள் சூர்யகலா சிரித்த முகமாகப் பின்னறைக்கு வந்தாள். வட்டத்தில் யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். புளிச்சோறு கொண்டு வந்திருப்பதாகச் சொன்னாள். “நாங்க சாப்ட்டாச்சும்மா,” என்றாள் ரேணுகாம்பாள், கையில் பாதிச் சோறு இருக்கும்போதே. சூர்யகலாவின் கண் அந்தக் கைக்குப் போய்த் திரும்பியது. பிறகு மாடிப்படியில் போய் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டாள். மறுநாள் முறுக்கு கொண்டுவந்தாள். அந்த டப்பா வட்டத்தின் ஓரத்தில் சாயங்காலம் வரை மூடியபடியே கிடந்தது.

அதற்கப்புறம் அவள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். பார்க்கத் தொடங்கினாள். புடவையை எந்தப் பக்கம் மடிக்கிறார்கள், விலைச்சீட்டை எங்கே செருகுகிறார்கள், எதுவும் கேட்காமல் பார்த்தே கற்றுக்கொண்டாள். பேசிக்கொண்டிருக்கும்போது தலையைத் திருப்பினால் அவள் பார்த்துக்கொண்டு நிற்பாள். பேச்சு அறுந்துபோகும். “பாத்தியாக்கா, எப்டி மொறச்சிகினு நிக்கிறா,” என்பாள் மணிமேகலை.

ஹேமநாத்துக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. சென்னையில் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்து புதுப் பழக்கம் ஒன்றை ஆரம்பித்திருந்தான். காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் எல்லோரும் கைகோத்து நின்று, “நாம் ஒரே குடும்பம்” என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். ஒரு நாள் ரேணுகாம்பாளுக்குப் பக்கத்தில் சூர்யகலா வந்து நின்றாள். கையைக் கோக்காமல் முடியாது. ஜில்லென்றிருந்த அந்த உள்ளங்கை அவள் கையை இறுகப் பிடித்தது, விழப்போகிற ஆள் பிடிப்பதுபோல. மூன்றாவது தரம் சொல்லி முடித்ததும் ரேணுகாம்பாள் கையை உதறிக்கொண்டாள். அன்றைக்கு ஏனோ அடிக்கடி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அந்தக் கடையில் ஒரு சாமான் லிஃப்ட் உண்டு. கீழே சரக்கறையிலிருந்து மூன்றாவது மாடி வரைக்கும் போகும். ஒவ்வொரு மாடியிலும் அதற்கு இரும்புக் கதவு. கூண்டு வந்து நின்றால்தான் கதவு திறக்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் மூன்றாவது மாடிக் கதவின் பூட்டு எப்போதோ கெட்டுப்போயிருந்தது. கூண்டு இருந்தாலும் திறக்கும், இல்லாவிட்டாலும் திறக்கும். கூண்டுக்குள் இருந்த பல்பும் எரிவதில்லை. அந்த மூலையில் பட்டப்பகலிலும் இருட்டுத்தான். கதவைத் திறந்தால் எதிரே இருப்பது கூண்டின் இருட்டா, குழியின் இருட்டா என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. வேலூரிலிருந்து மெக்கானிக் வந்து பார்த்து, பூட்டை மாற்றியே தீரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். முகூர்த்தச் சீசன் முடியட்டும் என்றான் ஹேமநாத். எச்சரிக்கைப் பலகை ஒன்று மாட்டலாமே என்று ஜெயம் ஒரு தரம் கேட்டதற்கு, யாராவது ஆபீசர் வந்து பார்த்தால் நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது மாதிரி ஆகிவிடும் என்றான்.

பலகை இல்லாவிட்டால் என்ன, வாய் இருந்தது. யார் புதிதாக வந்தாலும் ரேணுகாம்பாள் அவள் கையைப் பிடித்து மூன்றாவது மாடிக்குக் கூட்டிப்போவாள். கதவைத் திறந்து அந்தக் கறுப்பைக் காட்டுவாள். “மொதல்ல கண்ணு, அப்பால காலு. புரிதா?” என்பாள். மணிமேகலைக்கு அப்படித்தான் காட்டினாள். அந்தப் பெண் அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லையாம்.

சூர்யகலாவுக்குக் காட்டவில்லை. அவள் கீழ்த்தளத்தில்தானே நிற்கிறாள், லிஃப்ட் பக்கம் அவளுக்கு என்ன வேலை என்று தோன்றியது. உண்மையில் அது தோன்றக்கூட இல்லை. அவளைப் பற்றி நினைப்பதே இல்லை என்று வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆவணி பிறந்தது. கல்யாணக் கூட்டம் ஏறத்தொடங்கியது. ஹேமநாத் ஆட்களை மாற்றிப் போட்டான். சூர்யகலா மூன்றாவது மாடி சரக்குக்குப் போனாள்.

இரண்டு நாள் கழித்துத்தான் ரேணுகாம்பாள் அதைக் கண்ணால் பார்த்தாள். ஏதோ எடுக்க மேலே போனவள், லிஃப்ட் கதவுக்கு முன்னால் மூட்டையை அணைத்தபடி நிற்கும் முதுகைப் பார்த்தாள். வாய் திறந்தது. அதற்குள் சூர்யகலா கதவைத் திறந்தாள், உள்ளே போனாள், லிஃப்ட் கிரீச்சிட்டுக்கொண்டு இறங்கியது. கூண்டு இருந்திருக்கிறது.

கீழே வந்து மணிமேகலையிடம், “அந்தப் பொண்ணுக்கு லிஃப்ட் விஷயம் சொல்லிகீதா?” என்று பட்டும் படாமலும் கேட்டாள்.

“யாராச்சும் சொல்லியிருப்பாங்கக்கா. சரக்கு ஏத்துற ஆம்பளைங்க சொல்லாமயா இருப்பாங்க?”

சரக்கு ஏற்றுகிறவர்களில் ஒருவனைக் கேட்டாள். “பொம்பளைங்களுக்கு நீதானக்கா சொல்லுவ,” என்றான் அவன். பில் போடுகிற பெண், மேனேஜர் சொல்லியிருப்பார் என்றாள். மேனேஜரை யார் கேட்பது? ஆக மொத்தம் ஊரெல்லாம் சொல்லியிருந்தது, ஒருத்தர் வாயும் திறக்கவில்லை.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் படியில் எதிரே வந்த சூர்யகலா ஒதுங்கி வழிவிட்டாள். ஒரே ஒரு வாக்கியம்தான். ஆனால் அதைச் சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்பாளே? கேட்காவிட்டாலும் அந்தக் கண் கேட்குமே? பின்னால் மணிமேகலை வேறு வந்துகொண்டிருந்தாள். பேசக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்தவளே முதலில் பேசினால் என்ன நினைப்பாள்? ரேணுகாம்பாள் தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோனாள்.

நாள் ஆக ஆக வாக்கியம் கனத்தது. மேலே கதவு கிரீச்சிடும் சத்தம் கேட்டால் அவள் கையில் பிரித்த புடவை அப்படியே நிற்கும். லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு வரும். “இன்னாம்மா, வெல சொல்லச் சொன்னா மேலயே பாக்கற?” என்று வாடிக்கைக்காரர்கள் கேட்டார்கள். மத்தியானம் வட்டத்தில் உட்கார்ந்தாலும் படியில் தனியே சாப்பிடுகிறவளின் டப்பா மூடும் சத்தம் தனியாகக் காதில் விழுந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் லிஃப்ட் ஓடும்போது வட்டத்தில் ஒரு நொடி எல்லோரும் மெல்லுவதை நிறுத்துகிறார்கள் என்பதை ரேணுகாம்பாள் ஒரு நாள் கவனித்தாள். அப்படியென்றால் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஒரு சாயங்காலம் முள்ளிப்பட்டிலிருந்து ஜெயம் போன் செய்தாள். மகன் வீட்டில் தறி வைத்திருக்கிறான், பேரனைப் பார்த்துக்கொண்டு பொழுது போகிறது, கால் வீக்கம் வடிந்திருக்கிறது என்றெல்லாம் சொல்லிவிட்டு, “அந்தப் பொண்ணு எப்டி இருக்குது?” என்று கேட்டாள்.

“எந்தப் பொண்ணு?”

“அதாண்டி, சூர்யகலா. என்னப் பாக்க வந்துச்சே. ஒங்க எடம்னு தெரியாம வந்துட்டேங்க, தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டேங்கன்னு சொல்லிச் சொல்லி அழுதுகினே இருந்துச்சு. ஏம்மா, நீ இல்லன்னா இன்னொருத்தி வரப்போறா, போய் வேலயப் பாருன்னேன். அங்க ரேணுன்னு ஒருத்தி இருக்கா, ஒன்னக் கூடப்பொறந்தவ மாதிரி பாத்துக்குவான்னும் சொன்னேன்.”

ரேணுகாம்பாள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“எப்ப வந்தா?”

“வேலைக்குச் சேந்த மொத வாரமே. ஒங்கிட்ட சொல்லலயா? மேல் மாடிக்குப் போட்டாங்களாமே, யாரோ சொன்னாங்க. லிஃப்ட் விஷயத்த நானே சொல்லியிருக்கலாம், அன்னிக்கு நெனப்பில்ல. நீ காட்டிட்ட இல்ல?”

தெருவில் ஒரு டெம்போ ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“காட்டிட்டேன்க்கா,” என்றாள் ரேணுகாம்பாள்.

“அதான பாத்தேன்,” என்று ஜெயம் சிரித்தாள்.

அந்தச் சிரிப்போடு ரேணுகாம்பாள் ராத்திரி முழுக்கப் புரண்டாள். விடிந்ததும் முதல் வேலை அதுதான் என்று தன் பெயர்கொண்ட ரேணுகாம்பாள் அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். யார் பார்த்தால் என்ன, யார் என்ன நினைத்தால் என்ன, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டிவிடுவது.

விடிந்தது. கடைக்கு வெள்ளென வந்து வாசலில் நின்றாள். சேத்துப்பட்டு பஸ் தாமதம். சூர்யகலா வருவதற்குள் ஷட்டர் ஏறிவிட்டது, போளூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் வேன் நிறைய வந்து இறங்கிவிட்டது. பெண்ணின் அம்மா, அத்தைகள், பிள்ளை வீட்டார் என்று முதல் மாடி நிறைந்தது. ஹேமநாத் ரேணுகாம்பாளை அவர்களுக்கு முன்னால் நிறுத்தினான். அவள் முகூர்த்தப் பட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டாள். கண் மட்டும் படிக்கட்டிலேயே இருந்தது. சூர்யகலா மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

“வெந்தயக் கலர் இன்னும் வேணுமாம். மேல இருக்கற மூட்டய எடுத்துகினு லிஃப்ட்ல ஜல்தியா எறங்குங்க,” என்றான் ஹேமநாத் அவளிடம்.

அவள் தலையாட்டிவிட்டு மேலே போனாள். அதே நேரம் லிஃப்ட் சத்தம் கேட்டது. சரக்கு ஆட்கள் அதைக் கீழே எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூண்டு இறங்கியது, முதல் மாடியைத் தாண்டுவதற்கு முன் எங்கோ நின்றது.

ரேணுகாம்பாள் கையிலிருந்த புடவையை அப்படியே போட்டாள். “ஏம்மா, இதோட முந்தியக் காட்டவேயில்லையே!” என்று பெண்ணின் அத்தை கூவினாள். “ரேணுக்கா, எங்க போறீங்க?” என்று ஹேமநாத் அதட்டினான். அவள் படியேறி ஓடினாள். இரண்டாவது மாடி. பின்னறையிலிருந்து மணிமேகலை எட்டிப் பார்த்தாள். மூன்றாவது மாடி.

இருட்டு மூலையில் கதவு திறந்திருந்தது. சூர்யகலா கன்னம் வரைக்கும் உயர்ந்த மூட்டையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறுகையால் கதவைப் பிடித்தபடி, முன்னால் குனிந்துகொண்டிருந்தாள்.

“சூர்யகலா!”

அந்தக் கடையில் அந்தப் பெயரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் சட்டென்று திரும்பினாள். முதலில் திகைப்பு, அப்புறம், ரேணுகாம்பாள் சாகும் வரைக்கும் மறக்க முடியாதபடி, முகமெல்லாம் ஒரு வெளிச்சம். “என்னங்கக்கா?” என்றாள். திரும்பிய வேகத்தில் மூட்டை கதவு நிலையில் இடித்தது. அவள் குதிகால் விளிம்பில் வழுக்கியது.

ரேணுகாம்பாள் பாய்ந்து பிடித்ததில் கையில் முந்தானை சிக்கியது. தோளில் குத்தியிருந்த ஊக்கு பிய்த்துக்கொண்டு வந்தது. முந்தானை உருவிக்கொண்டு போனது. அப்புறம் கீழே, கூண்டின் தகரக் கூரை மேல், ஒரே ஒரு சத்தம்.

கூண்டு இரண்டாவது மாடிக்குச் சற்றுக் கீழே நின்றிருந்ததால் உயிர் பிழைத்தாள். 108 வந்தது. ஆரணி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வேலூர் அடுக்கம்பாறைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். இடுப்பிலும் தொடையிலும் எலும்பு முறிவு என்று ஆம்புலன்ஸோடு போன ஆள் போனில் சொன்னான்.

கடையைச் சாத்தினார்கள். மத்தியானம் போல ஹேமநாத் பெண்களையெல்லாம் பின்னறைக்கு வரச் சொன்னான். அவன் முகம் வெளுத்திருந்தது. அட்டைப்பெட்டி விரிப்பின் மேல் அவனும் வந்து உட்கார்ந்தான். அந்த வட்டத்தில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தரம்.

“போலீஸ் வராங்க. இன்னா கேப்பாங்கன்னு தெரியும் இல்ல? கதவப் பத்தி அந்தப் பொண்ணுக்கு யாராவது எச்சரிக்கை செஞ்சீங்களான்னு கேப்பாங்க. நாம எல்லாருக்கும் சொல்லிட்டுத்தான இருந்தோம்? ரேணுக்காதான எல்லாருக்கும் சொல்றது?” அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். “கடை இருந்தாத்தான் நாம இருக்கலாம். எனக்காகச் சொல்லல. நமக்காகச் சொல்றேன்.”

முதலில் பேசியவள் மணிமேகலை.

“சொன்னாங்க சார். ரேணுக்கா கையப் புடிச்சிக் கூட்டிகினு போய்க் காட்னாங்க. நான் பாத்தேன்.”

“நானும் பாத்தேன்,” என்றாள் பில் போடுகிறவள்.

“நானும்,” என்றாள் இன்னொருத்தி.

ரேணுகாம்பாள் அவர்கள் முகங்களைப் பார்த்தாள். ஒருத்தி கண்ணிலும் கபடம் இல்லை. அவளைக் காப்பாற்றத்தான் சொல்கிறார்கள். மணிமேகலை நகர்ந்து வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் அவ்வளவு பிரியம் இருந்தது. இத்தனை வருஷமாக எந்தச் சூட்டுக்காக ஞாயிற்றுக்கிழமைகளை வெறுத்தாளோ, அந்தச் சூடு இப்போது சுற்றிலும் நெருங்கி வந்து உட்கார்ந்தது. ரேணுகாம்பாளுக்கு மூச்சு முட்டியது. தலையை ஆட்டினால் போதும். ஆயுசுக்கும் இவர்கள் தன்னை விடமாட்டார்கள். தானும் இவர்களை விட முடியாது.

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண். மூன்றாவது மாடிக்குப் போய்க் கதவைத் தானே திறந்து பார்த்தாள். பிறகு வந்து, “ரேணுகாம்பாள்ன்றது யாரு? நீங்கதான் சொன்னீங்களாமே?” என்றாள்.

“இல்லீங்க.”

ஹேமநாத், “பதட்டத்துல இருக்காங்க மேடம்,” என்றான்.

“பதட்டம் இல்லீங்க,” என்றாள் ரேணுகாம்பாள். “யாரும் சொல்லல. நான்தான் சொல்லணும். நான் சொல்லல. பேசக்கூடாதுன்னு நான்தான் எல்லாரயும் தடுத்தேன். பூட்டு கெட்டது சாருக்கும் தெரியும், மொதலாளிக்கும் தெரியும். மெக்கானிக் வந்து பாத்துட்டும் போனாரு.”

முழங்கையைப் பிடித்திருந்த கை நழுவியது. ரேணுகாம்பாள் திரும்பிப் பார்த்தபோது மணிமேகலை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பொய் சொன்னவளாகப் போலீஸ் முன்னால் நிற்க வைத்துவிட்டாளே என்ற பயம் அந்தச் சின்ன முகத்தில் இருந்தது. எல்லோர் முகத்திலும் இருந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு ரேணுகாம்பாள் படியிறங்கியபோது யாரும், போய்ட்டு வா என்று சொல்லவில்லை.

வேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்ணமங்கலம் தாண்டும்போது ஜெயத்திடமிருந்து போன் வந்தது.

“காட்டிட்டேன்னு சொன்னியேடி,” என்றாள் ஜெயம். உடனே போனை வைத்துவிட்டாள்.

அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியில் சூர்யகலாவைக் கண்டுபிடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. சுவரோரக் கட்டிலில் கிடந்தாள். காலில் கட்டுப் போட்டு எடை தொங்கவிட்டிருந்தார்கள். உதடு வெடித்திருந்தது. ஓசூரிலிருந்து புருஷன் கிளம்பிவிட்டான், வந்து சேர நேரமாகும். கூட யாரும் இல்லை. ரேணுகாம்பாள் பக்கத்தில் வந்ததும் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள்.

“இன்னாத்துக்குக்கா கூப்ட்டீங்க?” என்று கேட்டாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

“அந்தக் கதவு கூண்டு இல்லன்னாலும் தொறக்கும். அதச் சொல்லத்தான் ஓடியாந்தேன். முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லல.”

சூர்யகலா விட்டத்தைப் பார்த்தாள்.

“அது தெரியுங்க,” என்றாள்.

ரேணுகாம்பாளுக்குக் காதில் விழுந்தது புரியவில்லை.

“மேல போட்ட மொத நாளே தெரியும். நீங்கல்லாம் கதவத் தொறந்துட்டு, குனிஞ்சி பாத்துட்டு, அப்பால காலு வெப்பீங்க. எல்லாரும் ஒரே மாதிரி. ஏன்னு யாருகிட்ட கேக்கறது? நானும் அதே மாதிரி பாத்துட்டுத்தான் வெப்பேன். இன்னிக்கும் பாத்துகினுதான் இருந்தேன். கூண்டு இல்லன்னு தெரிஞ்சுது. கதவச் சாத்தப் போனேன்.” எச்சில் விழுங்கினாள். வலித்தது போலிருக்கிறது, முகம் சுருங்கியது. “பேரு சொல்லி யாரோ கூப்ட்டாங்களேன்னு திரும்பிட்டேன்.”

வார்டில் யாரோ இருமினார்கள். ரேணுகாம்பாளின் கை கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றது. அழுதால் தனக்காக அழுவதாக ஆகிவிடும் என்று பட்டது. அழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டால் இந்த நிலைமையிலும் அந்தப் பெண் பரவாயில்லைங்க என்று சொல்லிவிடுவாள் என்ற பயம் இருந்தது.

“போலீஸ்ல உள்ளதச் சொல்லிட்டேன். நாளைக்கு ஒங்கிட்ட கேக்க வருவாங்க. நீயும் உள்ளதச் சொல்லு. நான் கூப்ட்டதயும் சொல்லு.”

சூர்யகலா தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“போய்டுங்கக்கா. கொஞ்ச நேரம் யாரயும் பாக்க வேணாம்னு இருக்குது.”

ரேணுகாம்பாள் வெளியே வந்து தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். ஊருக்குத் திரும்பலாம், கடைசி பஸ் போய்விடவில்லை. போனை எடுத்துப் பார்த்தாள். கடைப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் மத்தியானத்துக்கு மேல் சேதி எதுவும் வரவில்லை. குழுவிலிருந்து அவளை எடுத்துவிட்டிருந்தார்கள். நாளைக்கு அவளுக்கு வேலை இருக்காது. கேஸ் என்றால் இழுபடும், அதில் அவள் பெயரும் வரும். பஜாரில் எந்தக் கடையில் போய் நின்றாலும் அவளுக்கு முன்னால் இந்தக் கதை போய்ச் சேர்ந்திருக்கும். கணவனுக்கு இனிமேல்தான் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீண்ட நாளாக அவனிடம் எதையும் சொல்லிப் பழக்கமில்லை.

வார்டு வாசலில் ஒரு நர்ஸ் வந்து நின்று சத்தமாகக் கேட்டாள். “சூர்யகலா கூட யாரு இருக்கீங்க? காலைல ஆபரேஷன். ரத்தத்துக்கு எழுதிக் குடுத்திருக்காங்க, ஜல்தியா வாங்க.”

தாழ்வாரத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழவில்லை. நர்ஸ் மறுபடி கேட்டாள்.

ரேணுகாம்பாள் எழுந்து போனாள்.

“நீங்க அவங்களுக்கு இன்னா வேணும்?”

என்ன வேணும்? நர்ஸ் பேனாவோடு காத்திருந்தாள்.

“கூட வேல செய்றவங்க,” என்றாள் ரேணுகாம்பாள். சீட்டை வாங்கிக்கொண்டு, ரத்த வங்கி எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு நடந்தாள்.